499 டாலருக்கு ஒரு லினக்ஸ் பெட்டி

2006 ஏப்ரல் 18ஆம் தேதி தோஷிபாவின் ஹெச்டி-ஏ1 அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. விலை 499 டாலர். கூடவே 799 டாலருக்கு எக்ஸ்ஏ1 என்று ஒரு அண்ணன்காரன். குடல் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்கதவு, ரிமோட் மாதிரி சில விஷயங்களில் அண்ணனுக்குக் கொஞ்சம் மிடுக்கு அதிகம், அவ்வளவே. அதே நாளில் வெளியான படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ‘த லாஸ்ட் சாமுராய்’, ‘மில்லியன் டாலர் பேபி’, ‘செரெனிட்டி’, இன்னும் ஒன்று. ஐந்நூறு டாலரைக் கொட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் அன்று இரவு பார்க்க அவ்வளவுதான் இருந்தது.

உயர்தெளிவு டிஸ்க் என்பது அன்றைக்குத்தான் பிறந்தது என்று சொல்ல முடியாது. ஜப்பானில் 1994லேயே அனலாக் முறையில் ஹை-விஷன் லேசர் டிஸ்க் இருந்தது. 2003இல் சோனி நாலரை லட்சம் யென்னுக்கு ஒரு ப்ளூ-ரே ரெக்கார்டரை விற்றது. ஆனால் ஹாலிவுட் படத்தை உயர்தெளிவில் டிஸ்க்காக வாங்கி, வரவேற்பறையில் உட்கார்ந்து பார்க்க, நடுத்தர வர்க்க அமெரிக்கர் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரக்கூடிய விலையில் வந்த முதல் பெட்டி ஏ1தான்.

ஒரு பொருளைக் கடையில் நின்று ஒரு தடவை எடைபோட்டால் போதும் என்ற பழக்கம் நம் எல்லோருக்கும் இருந்தது. மிக்ஸி வாங்குகிறோம், ஃபேன் வாங்குகிறோம், விசிஆர் வாங்கினோம். ஓடுகிறதா, சத்தம் வருகிறதா, எத்தனை வருஷம் வாரண்டி. அதோடு கணக்கு முடிந்தது. வீட்டுச் சினிமாவைப் பொறுத்தவரை அந்தப் பழக்கம் செல்லாமல் போனது இந்தப் பெட்டியில் ஆரம்பித்துத்தான் என்பது என் கட்சி.

என்னிடம் ஒரு ஏ1 இருக்கிறது. 2016இல் ஆன்சைட் வேலையாக டெக்சாஸில் இருந்தபோது பழைய சாமான் கடை ஒன்றில் 20 டாலருக்குக் கிடைத்தது. ரிமோட் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்த முதல் வேலை, மேல்மூடியைக் கழற்றியது.

கழற்றினால் சிரிப்பு வந்துவிடும். அது டிவிடி ப்ளேயர் மாதிரியே இல்லை. யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரைத் தட்டையாக்கி ஆடியோ கருவி மாதிரி ஒரு பெட்டிக்குள் அடுக்கியது மாதிரி இருக்கிறது. 2.5 கிகாஹெர்ட்ஸ் இன்டெல் பென்டியம் 4. ஒரு ஜிபி ராம். 256 எம்பி ஃபிளாஷ். படத்தை டீகோட் செய்ய ப்ராட்காம் சிப். ஒலிக்கு மட்டும் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் நாலு ஷார்க் டிஎஸ்பி சிப்கள். இதையெல்லாம் கட்டி மேய்ப்பது லினக்ஸ். 2006இல் நான் பொறியியல் கல்லூரி மாணவன். எங்கள் லேபில் இருந்த கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மேல் இதைவிடச் சோப்ளாங்கி.

பொருள்களைப் பிரித்துப்போட்டு உள்ளே இருப்பவற்றுக்கு விலை போடுவதே தொழிலாகக் கொண்ட ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் 2006 ஜூனில் ஏ1ஐ அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தது. பாகங்களின் விலை மட்டும் 674 டாலர் என்று கணக்குப் போட்டது. ரிமோட், கேபிள், அட்டைப்பெட்டி, தொழிற்சாலைக் கூலி எல்லாம் சேர்த்தால் 700ஐத் தாண்டும். அதை 499க்கு விற்றார்கள். அதாவது பெட்டி வாங்கிய ஒவ்வொருவருக்கும் தோஷிபா தன் கையிலிருந்து இருநூறு டாலர் போட்டு அனுப்பியிருக்கிறது.

எதற்கு இந்தத் தர்மம்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

*

டிவிடியே ஒரு சண்டையில் பிறந்த குழந்தைதான். 90களின் நடுவில் சோனியும் பிலிப்ஸும் ஒரு பக்கம், தோஷிபாவும் டைம் வார்னரும் வேறு பல கம்பெனிகளும் மறுபக்கம். இரண்டு வடிவமும் சந்தைக்கு வந்தால் இரண்டும் விளங்காது என்று ஐபிஎம் முதலான கம்ப்யூட்டர் நிறுவனங்கள் அழுத்தம் கொடுக்க, 1995இல் சமரசமானார்கள். டிஸ்க்கின் உடம்பு பெரும்பாலும் தோஷிபா பக்கம் சொன்னபடி ஆனது: 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளை முதுகோடு முதுகாக ஒட்டுவது. ஒவ்வொரு டிவிடிக்கும் காப்புரிமைப் பணம் வந்துகொண்டே இருந்தது. தோஷிபாவுக்கு அதில் நல்ல பங்கு.

அடுத்த தலைமுறைக்கு எல்லோர் கையிலும் இருந்தது ஒரே ஆயுதம்: 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர். தொகுஷிமாவில் நிச்சியா என்ற கம்பெனியில் இருந்தபடி காலியம் நைட்ரைடோடு மல்லுக்கட்டிய நகாமுரா ஷூஜி, 90களில் முதலில் நீல எல்இடியையும் பிறகு இந்த லேசரையும் சாத்தியமாக்கினார். 2014இல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர். டிவிடியின் சிவப்பு லேசர் 650 நானோமீட்டர். அலைநீளம் குறைந்தால் ஒளிப்புள்ளி சிறுக்கும். சின்னப் புள்ளி என்றால் அதே டிஸ்க்கில் அதிகம் எழுதலாம். இதில் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை தடிமனில். லென்ஸை இன்னும் கூர்மையாகக் குவித்தால் புள்ளி மேலும் சிறுக்கும். ஆனால் அப்படிக் குவித்தால் டிஸ்க் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் புள்ளி கலைந்துவிடும். தகவல் அடுக்குக்கு மேலே எவ்வளவு தடிமனான பிளாஸ்டிக் இருக்கிறதோ அவ்வளவு மோசமாகக் கலையும். சோனி தரப்பு துணிந்து தகவல் அடுக்கை டிஸ்க்கின் மேற்பரப்புக்கு வெறும் 0.1 மில்லிமீட்டர் கீழே கொண்டுவந்து வைத்தது. லென்ஸின் எண் 0.85. ஓர் அடுக்கில் 25 ஜிபி. தோஷிபா அந்தப் பழைய 0.6 மில்லிமீட்டரை விடவில்லை. லென்ஸ் 0.65, ஓர் அடுக்கில் 15 ஜிபி.

கேட்டவுடன் சோனிக்குத்தான் கைதட்டத் தோன்றும். ஆனால் தோஷிபாவின் பிடிவாதத்தில் ஒரு தொழிற்சாலை நியாயம் இருந்தது. 0.6 என்றால் ஏற்கெனவே டிவிடி அடிக்கும் இயந்திரங்களையே கொஞ்சம் மாற்றி இதையும் அடிக்கலாம். 0.1 என்றால் புது இயந்திரம், புதுப் பூச்சு. கீறல் பயத்தில் ஆரம்பகால ப்ளூ-ரே டிஸ்க்கைக் கேட்ரிட்ஜ் உறைக்குள் வைத்துத்தான் விற்றார்கள். டிடிகே கண்டுபிடித்த கடினப் பூச்சு வந்த பிறகுதான் அந்த உறை கழன்றது. பொறியாளர்களிடம் கேட்டால் ஒருவர் எதிர்காலத்துக்குக் கட்டினார், மற்றவர் நேற்றைய தொழிற்சாலைக்குக் கட்டினார் என்பார்கள். இரண்டுமே மரியாதைக்குரிய முடிவுகள். நான் வேலை செய்யும் இடத்தில் வாரம் ஒரு முறை இதே விவாதம் நடக்கிறது, லேசருக்குப் பதில் டேட்டாபேஸை வைத்து.

2005இல் இரு தரப்பும் ஒன்றாகப் பேசிப் பார்த்தார்கள். பேச்சு உடைந்தது. அதனால் கடைக்குப் போனவர் முன்னால் இரண்டு ஜாதி. யூனிவர்சல் தோஷிபா பக்கம் மட்டும். சோனி, ஃபாக்ஸ், டிஸ்னி ப்ளூ-ரே பக்கம் மட்டும். வார்னரும் பாரமவுண்டும் இரண்டு பக்கமும் கால். அந்த இருநூறு டாலர் தர்மத்துக்கு அர்த்தம் இதுதான். போட்டிக்காரன் வருவதற்குள் வீடுகளுக்குள் புகுந்துவிட வேண்டும்.

*

சரி, படம் எப்படி?

அருமை. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. அமெரிக்க டிவிடியில் ஒரு பிரேமுக்கு 720க்கு 480 புள்ளிகள். இதில் 1920க்கு 1080. புள்ளிக்கணக்கில் ஆறு மடங்கு. ‘செரெனிட்டி’யின் விண்கலத்துக்குள் இருக்கும் துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பார்த்தால் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். இத்தனைக்கும் அது முதல்நாள் டிஸ்க்.

ஆனால் ஏ1ஐ வாங்காதே என்று அன்று சொன்னவர்கள் ஒரே ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெட்டி வெளியே அனுப்பியது 1080ஐ. 1080பி இல்லை. ஐ என்றால் ஒவ்வொரு பிரேமையும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டாகக் கிழித்து அடுத்தடுத்து அனுப்புவது. பி என்றால் முழுசாக அனுப்புவது. கேட்டால் பாதிப் படத்தை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

இங்கேதான் சினிமாவின் கணக்கு குறுக்கே வருகிறது. ஃபிலிம் வினாடிக்கு 24 பிரேம். 1080ஐ வினாடிக்கு 60 பாதிகள். அதனால் ஒரு பிரேமை மூன்று பாதியாகவும் அடுத்ததை இரண்டு பாதியாகவும் மாற்றி மாற்றி அனுப்புவார்கள். அதாவது ஒவ்வொரு பிரேமின் இரண்டு பாதிகளும் கட்டாயம் டிவிக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. எதுவும் தொலையவில்லை. டிவிக்குள் இருக்கும் சிப்புக்குப் புத்தி இருந்தால் சரியான ஜோடிகளைச் சேர்த்து முழுப் பிரேமைத் திரும்ப நெய்துவிடும். டிஸ்க்கில் இருப்பதும் அந்த 24 முழுப் பிரேம்கள்தான். பிரச்சினை என்னவென்றால் 2006இல் நிறைய டிவிகளுக்கு அந்தப் புத்தி இல்லை. சில டிவிகள் ஒரு பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு பாதியை இழுத்து நிரப்பின. அப்படிப்பட்ட டிவி வைத்திருந்தவருக்கு ஏ1 உண்மையிலேயே குறைப்படத்தைத்தான் காட்டியிருக்கும். குற்றம் எந்தப் பெட்டியில் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஜூன் மாதம் சாம்சங்கின் பிடி-பி1000 வந்தது. அமெரிக்காவின் முதல் ப்ளூ-ரே ப்ளேயர். விலை 999 டாலர், அதாவது ஏ1 இரண்டு வாங்கும் காசு. அட்டைப்பெட்டியில் 1080பி என்று பெருமையாகப் போட்டிருந்தது. உள்ளே நடந்தது வேறு. அதன் டீகோடர் சிப் வெளியே தள்ளியது 1080ஐதான். அதை இன்னொரு சிப் நெய்து 1080பி ஆக்கியது. நல்ல டிவி ஒன்று செய்ய வேண்டிய அதே வேலையைப் பெட்டிக்குள்ளேயே செய்துவிட்டு அதற்குத் தனிப் பெயர். அதோடு நின்றதா என்றால் இல்லை. அந்த இரண்டாவது சிப்பில் இரைச்சல் குறைக்கும் வசதி ஒன்று ஆன் செய்யப்பட்ட நிலையிலேயே கடைக்கு வந்துவிட்டது. அது படத்தின் நுணுக்கத்தையும் இரைச்சல் என்று நினைத்து வழித்துவிட்டது. ஆயிரம் டாலர் கொடுத்தவர்கள், படம் மொழுக்கென்று இருக்கிறதே என்று புலம்பினார்கள். பிறகு மென்பொருள் புதுப்பிப்பு வந்துதான் சரியானது.

முதல் ப்ளூ-ரே டிஸ்க்குகளும் உதவவில்லை. 25 ஜிபி ஒற்றை அடுக்கு, பழைய எம்பெக்-2 சுருக்கம். ஹெச்டி டிவிடிக்காரர்கள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்த விசி-1 என்ற புதிய சுருக்கத்தைப் பயன்படுத்தியதால் குறைந்த இடத்திலேயே சுத்தமான படம் கொடுத்தார்கள். ‘த ஃபிஃப்த் எலிமென்ட்’ முதல் வரிசை ப்ளூ-ரேயில் ஒன்று. அது வாங்கிய வசவில் 2007இல் சோனி அதைப் புதிதாகச் செய்து மறுபடி வெளியிட வேண்டியிருந்தது.

ஆக 2006 கோடையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால், பாதி விலைப் பெட்டி நல்ல படம் காட்டியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் தோற்றது அந்தப் பெட்டி.

*

ஏ1ஐ வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரே வசவு, வேகம். பவர் பட்டனை அழுத்தினால் லினக்ஸ் எழுந்து பல் தேய்த்து முகம் கழுவி வர ஒரு நிமிஷத்துக்குக் குறையாது. டிஸ்க் போட்ட பிறகு இன்னொரு காத்திருப்பு. என் வீட்டில் இதை ஓடவிட்டுக் காபி போட்டுக்கொண்டு வரலாம். விசிஆரில் கேசட்டைத் தள்ளினால் படம் ஓடும். டிவிடியில் சில வினாடி. தொழில்நுட்பம் முன்னேற முன்னேறக் காத்திருப்பு கூடியது வேடிக்கைதான். ஆனால் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. கருவி ஒன்று கம்ப்யூட்டர் ஆனால் அதோடு பூட் ஆகும் நேரமும் வரும். பக் வரும். பேட்ச் வரும்.

பேட்ச் வந்தது. பெட்டியின் முதுகில் நெட்வொர்க் கேபிள் செருக ஒரு துளை இருந்தது. ஒரு டிவிடி ப்ளேயரை இன்டர்நெட்டில் இணைக்கச் சொன்னால் 2006இல் பலர் முழித்திருப்பார்கள். முழித்தவர்களுக்கு தோஷிபா தபாலில் சிடி அனுப்பியது. இந்தப் புதுப்பிப்புகள் வெறும் ஒட்டுப்போடும் வேலை இல்லை. டால்பி ட்ரூஹெச்டி என்ற இழப்பில்லா ஒலியை ஏ1 ஆரம்பத்தில் இரண்டு சேனலில்தான் அவிழ்த்தது. சில மாதம் கழித்து வந்த புதுப்பிப்பில் அதே பெட்டி 5.1 சேனலில் அவிழ்த்தது. அந்த நாலு ஷார்க் சிப்கள் சும்மா உட்கார்ந்திருந்தது இதற்குத்தான். இந்த ஒலியை அப்படியே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப அன்றைய ஹெச்டிஎம்ஐயால் முடியாது. அதற்கான 1.3 பதிப்பு, பெட்டி கடைக்கு வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அறிவிக்கப்பட்டது. அதனால் எல்லாவற்றையும் பெட்டியே அவிழ்த்தாக வேண்டும்.

ஏப்ரலில் இந்தப் பெட்டியை மதிப்பிட்டவர் எதை மதிப்பிட்டார்? அக்டோபரில் அதே பெட்டி வேறு பெட்டி. இந்த இடத்தில் கடையில் நின்று எடைபோடும் பழக்கம் உடைகிறது. நீங்கள் எடைபோடுவது கையில் இருக்கும் பொருளை இல்லை, அதைத் தொடர்ந்து கவனிப்போம் என்று ஒரு கம்பெனி சொல்லாமல் சொல்லும் வாக்கை.

அந்த வாக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி காப்பாற்றப்படவில்லை. ஹெச்டி டிவிடியில் நெட்வொர்க் இணைப்பும், படத்துக்குள் சின்னப் படமாக இயக்குநர் வந்து பேசும் வசதியும் முதல் நாளிலிருந்தே கட்டாயம். ப்ளூ-ரேக்காரர்கள் அவசரத்தில் குறைந்த அம்சங்களோடு 1.0 என்ற தரத்தில் ஆரம்பித்து, 2007 நவம்பரில் 1.1, பிறகு 2.0 என்று விதியைத் தொடர்ந்து மாற்றினார்கள். ஆயிரம் டாலர் சாம்சங்கில் சின்னப் படத்துக்குத் தேவையான இரண்டாவது டீகோடரே இல்லை. அதை எந்தப் பேட்ச்சும் சேர்க்க முடியாது. தப்பித்தது ஒரே ஒரு பெட்டி: 2006 நவம்பரில் வந்த ப்ளேஸ்டேஷன் 3. அது முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டர். 2008 மார்ச்சில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் 2.0 ஆகிவிட்டது. விளையாட்டுக்காக வாங்கியவர்கள் வீட்டில், கேட்காமலேயே ஒரு நல்ல ப்ளூ-ரே ப்ளேயர் உட்கார்ந்திருந்தது.

இன்னொன்று. இரண்டு வடிவத்திலும் ஏஏசிஎஸ் என்ற ஒரே பூட்டு. அதில் ஒரு கொடி உண்டு. படக் கம்பெனி அதை ஏற்றிவிட்டால் பழைய காம்பொனென்ட் கேபிள் வழியாகப் போகும் படம் 960க்கு 540 ஆகச் சுருங்கிவிடும், நாலில் ஒரு பங்கு. உயர்தெளிவு டிவியை முதலில் காசு கொடுத்து வாங்கி வளர்த்துவிட்டவர்கள் பலரிடம் ஹெச்டிஎம்ஐ கிடையாது. அவர்களுக்கு அந்தக் கேபிள்தான் கதி. கம்பெனிகள் அப்போது அந்தக் கொடியை ஏற்றவில்லை. ஏற்ற மாட்டோம் என்று எழுதியும் தரவில்லை. இந்த மாதிரி ஒரு விஷயத்தை எந்தத் தராசில் வைப்பது?

பூட்டும் நிலைக்கவில்லை, அது வேறு கதை. 2007 மே 1 அன்று, ஏஏசிஎஸ்ஸின் 16 பைட் எண் ஒன்றை நீக்கப் போய் டிக் என்ற இணையதளத்தில் பயனர்கள் பொங்கி எழுந்து, பக்கம் முழுக்க அதே எண்ணைப் போட்டு நிரப்பினார்கள். நிர்வாகம் பணிந்தது. அதற்கு முந்தின மாதமே கம்ப்யூட்டரில் படம் ஓட்டும் மென்பொருளின் பழைய சாவிகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டுவிட்டன. காசு கொடுத்து வாங்கியவர்கள், புதுப்பிக்காவிட்டால் புதுப் படங்கள் ஓடாது என்ற செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். திருடியவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

*

நம் பக்கத்தில் இதெல்லாம் எட்டாத தூரம். 2007 வாக்கில் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, தமிழ்ப் படங்களும் அந்த விலையில் மளிகைக் கடை வரை வந்தன. எங்கள் ஹாஸ்டல் டிவியில் ஓடிய விசிடிக்கு 352க்கு 288 புள்ளி. அதிலும் நாங்கள் படம் பார்த்து அழுதோம், விசிலடித்தோம். அமெரிக்க வீடுகளிலும் இதன் இன்னொரு வடிவம்தான் நடந்தது. டிவிடியே போதும் என்றிருந்தவர்கள் ஏராளம். ஏ1 பற்றி அன்று வந்த பாராட்டுகளில் எனக்குப் பிடித்தது, அது சாதா டிவிடியைப் பெரிதாக்கிக் காட்டும் அழகைப் பற்றியது. அலமாரியில் இருக்கும் நூறு பழைய டிவிடியையும் பார்க்கத் தகுந்ததாக ஆக்கியது. ஐந்நூறு டாலருக்கு நியாயமான காரணம் அதுதான் என்று வாங்கினவர்களும் உண்டு.

அதற்குப் பிறகு நடந்தது படத் தரத்துக்குச் சம்பந்தமில்லாதது. 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் ஹெச்டி டிவிடி பக்கம் மட்டும் என்று தாவியது. பெரிய தொகை கைமாறியதாகப் பத்திரிகைகள் எழுதின. நவம்பர் தொடக்கத்தில் வால்மார்ட்டில் அடுத்த மாடலான ஏ2, ஒரு சொச்ச நேரத்துக்கு 98 டாலர் 87 சென்ட். ஒன்றரை வருஷத்தில் 499 நூறுக்குக் கீழே. ஏப்ரலில் முண்டியடித்து வாங்கியவர் அந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பார்.

2008 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை, வார்னர் இனி ப்ளூ-ரே மட்டும் என்று அறிவித்தது. லாஸ் வேகாஸில் மின்னணுக் கண்காட்சி தொடங்க இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. ஹெச்டி டிவிடி அணியினர் அங்கே நடத்த இருந்த பத்திரிகையாளர் சந்திப்பை ரத்து செய்தார்கள். பிப்ரவரியில் நெட்ஃப்ளிக்ஸ், வால்மார்ட் என்று வரிசையாகக் கழன்றுகொள்ள, 19ஆம் தேதி தோஷிபா கடையைச் சாத்துவதாக டோக்கியோவில் அறிவித்தது. ஏ1 வந்து முழுதாக இரண்டு வருஷம் ஆகவில்லை. பெஸ்ட் பை தன்னிடம் ஹெச்டி டிவிடி ப்ளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை அனுப்பியது. துக்கம் விசாரிக்கிற மாதிரி.

அந்த ஜனவரி வெள்ளிக்கிழமை காலையிலும் மாலையிலும் ஏ1 ஒரே மாதிரிதான் படம் காட்டியது. ஒரு திருகாணிகூட மாறவில்லை. ஆனால் காலையில் அது ஒரு முதலீடு, மாலையில் பழைய இரும்பு. ஒரு பொருளுக்கு இப்படி நேர்வது அதற்கு முன் பீட்டாமேக்ஸுக்கு நடந்ததே என்பீர்கள். பீட்டாமேக்ஸ் வருஷக்கணக்கில் இழுத்து இழுத்துத் தேய்ந்தது. வெற்று கேசட் வாங்கி டிவி நிகழ்ச்சியைப் பதிந்துகொண்டாவது இருக்கலாம். அமெரிக்காவில் விற்ற ஏ1இல் பதிய முடியாது. யாரோ அச்சடித்துத் தந்தால்தான் அதற்கு வேலை.

சரி, 2006 ஏப்ரலில் கையில் ஐந்நூறு டாலரோடு அமெரிக்காவில் நான் நின்றிருந்தால்? வாங்கியிருப்பேன். நல்ல டிவி இருந்தால் மட்டும். டிஸ்க்கை மட்டும் வாங்கியிருக்க மாட்டேன். அன்றைக்கு நெட்ஃப்ளிக்ஸ் தபாலில் டிஸ்க் அனுப்பும் கம்பெனி. ஹெச்டி டிவிடியும் அனுப்பினார்கள். வாடகைக்கு எடுத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டு, சொந்தக் காசை டிவிடியில் போட்டிருப்பேன். இரண்டு வடிவத்தையும் ஓட்டும் எல்ஜியின் கலப்புப் பெட்டி 2007 தொடக்கத்தில் வந்தது, விலை ஏறக்குறைய 1200 டாலர். அந்தக் காசுக்கு ஒரு ப்ளேஸ்டேஷன் 3ஐயும் ஒரு ஹெச்டி டிவிடி ப்ளேயரையும் தனித்தனியாகவே வாங்கலாம்.

என் பெட்டி இப்போதும் ஓடுகிறது. ரிமோட்டை வேறு இடத்தில் தேடிப்பிடித்தேன், பெட்டி வாங்கிய விலையைவிட அதிகம் கொடுத்து. என்னிடம் உள்ள பதினோரு டிஸ்க்கில் இரண்டு பாதியில் உறைந்துவிடுகின்றன. பெட்டி தேய்ந்ததா டிஸ்க் கெட்டதா என்று சோதிக்க இன்னொரு ப்ளேயர் வேண்டும், அதையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தோஷிபா 2009 ஆகஸ்டில் ப்ளூ-ரே சங்கத்தில் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தது. அந்த வருஷக் கடைசியில் பிடிஎக்ஸ்2000 என்ற தன் முதல் ப்ளூ-ரே ப்ளேயரை 250 டாலருக்கு விற்றது. அதில் ப்ளூ-ரே ஓடும், டிவிடி ஓடும், சிடி ஓடும். ஹெச்டி டிவிடி ஓடாது.